துணைக்கு யார் வருவார்?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



"இளைஞரும் பொறுப்பும்" என்ற பொருள்பற்றிப் பேசும்படி சங்கத்தார் எங்களைப் பணித்தனர். பொறுப்பு என்ற சொல்லைக் கேட்டவுடன் எங்கள் வயதினருக்குக் கொட்டாவி வருவது வழக்கம். அது உங்களுக்கும் தொற்றிவிடக் கூடாதென்று, அதே பொருளைச் சற்றுச் சுற்றுவழியால் அணுக எண்ணினோம். ஒலிபெருக்கியின் முன் நிற்பவர் ஒருவரே ஆயினும் இப்பேச்சு பத்துப்பேருடையது. பதின்மரும் கூடியிருந்து, சண்டையிட்டு, வெட்டியும் திருத்தியும் எழுதியது. ஆதலால் "நாங்கள்" என்று சொல்லும்போது அது மரியாதைப் பன்மை அன்று, உண்மைப் பன்மையே.

பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் பயிலும் நண்பர் பத்துப்பேர், அவருள் நால்வர் பெண்கள், இரண்டு நாள் உல்லாசப் பிரயாணம் ஒன்று போக நினைக்கிறார்கள் என வைத்துக்கொள்ளுங்கள். முதலில் எழும் வினா யாது? எங்கே போவது என்பதன்று. என்ன செலவாகும் என்பதுமன்று. "துணைக்கு ஆர் வருகினம்?" என்பதே அது. இவ்வினாவுக்கு விடை சொல்லாமல் எங்கள் ஊரில் ஒரு வானும் நகராது.

ஆங்கிலத்திலே இதற்கு "ஷப்பரோன்" என்றொரு சொல் உண்டு. பிரெஞ்சு மொழியில் முதலில் அது தலையை மூடும் ஒருவகைத் துணிக்குப் பெயராக இருந்ததாம். தலையைக் காத்த துணியின் பெயர், பின்னர் கன்னிப்பெண்ணைக் காக்கப் பின்னாலே போகும் முதிய மாதுக்கு ஆகிவந்தது. எங்கள் சொல்லோ மூடுகிற சொல் அன்று. வழித்துணை என்கிறோம், வாழ்க்கைத் துணை என்கிறோம். கணவர் வெளிநாட்டில் இருக்கத் தனித்திருக்கும் பெண்ணின் வீட்டுக்கு இரவிலே பாயுந் தலையணையுமாகப் போகும் அயல்வீட்டு ஆச்சியைத் "துணைக்குப் படுக்கப் போகிறா" என்கிறோம். அந்த ஆச்சி யாரையும் காவல் காப்பதில்லை. பெரும்பாலும் முதலில் நித்திரையாகிறவர் அவரே!

எங்கள் பிரயாணம் திருகோணமலைக்கு என்று தீர்மானமாயிற்று. துணைக்கு ஆள் தெரியும் மகாநாடு சிற்றுண்டிச்சாலையில் மூன்று நாட்கள் நடைபெற்றது. அங்கு நிகழ்ந்தவற்றைச் சுருக்கிச் சொன்னால் சுவை கெட்டுவிடும். சிறிது விரித்தே சொல்லுகிறோம், பொறுத்தருள்க.

முதலிற் பிரேரிக்கப்பட்டவர் விரிவுரையாளர் ஒருவர். நல்லவர், சாது. "சேர் வந்தால் கடற்கரையிலையும் சைன் வைக்க வேணும், மச்சான். எண்பது வீதம் வரவு இல்லாட்டில் திரும்பி வர வானிலை ஏத்தமாட்டார்" என்று ஒருவர் ஆட்சேபித்தார். பிரேரணை தள்ளப்பட்டது. அடுத்து, நண்பர் ஒருவரின் அம்மம்மா. வயது எண்பத்தொன்று, கண்ணாடியின்றிப் பத்திரிகை வாசிப்பவர். "அம்மம்மா வந்தால் வவுனியா வாறதுக்கிடையிலை மூண்டு பேருக்குச் சாதகம் பொருத்திப் போடுவா" என்று அவருடைய பேரனே எச்சரித்தான். மூவருள் தாமும் ஒருவராகலாம் என்று அஞ்சி எவரும் வழிமொழியவில்லை. எங்களுள் ஒருத்தியின் அண்ணர், வங்கி உத்தியோகத்தர், பெயரும் எடுபட்டது. "என்ரை அண்ணையோ? அவருக்குத் துணைக்கு இன்னொராள் வேணும்" என்று தங்கையே முடித்துவிட்டாள். சென்ற தையில் மணஞ்செய்த முன்னைய மாணவர் தம்பதியை அழைக்கலாமே என்றார் மற்றொருவர். புதுமணத் தம்பதியைக் கூட்டிப் போனால் காவல் காப்பவர் யார், காக்கப்படுபவர் யார் என்று மயக்கம் வரும் எனக் கருதி அதனையும் கைவிட்டோம்.

ஒருவர், நவீன விஞ்ஞானத்தில் நம்பிக்கை உள்ளவர், ஆளே வேண்டாம் என்றார். வட்ஸ்அப்பில் இருக்குமிடத்தை அனுப்பிவிட்டால், அம்மாவின் கைத்தொலைபேசியில் நாங்கள் ஒரு புள்ளியாக நகர்ந்துகொண்டே இருப்போமல்லவா? அதிலுங் கூடிய துணை எது? இந்த யோசனை கைதட்டலுடன் ஏற்கப்படும் தறுவாயில், அதுவரை பேசாதிருந்த தோழி ஒருத்தி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"நீங்கள் பகிடி விடுறியள். ஆள் கிடைக்காட்டிலும் நீங்கள் ஆறு பேரும் போவியள். நாங்கள் நாலு பேருந்தான் நிப்பம்."

அதன் பின் சிறிது நேரம் ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் சொன்னது கணக்கு. ஆண்பிள்ளைகளின் வீட்டிலே "ஆர் ஆர் போறியள்? எப்ப வருவியள்?" என்ற இரண்டு கேள்விகளோடு விசாரணை முடிந்துவிடும். துணை என்ற கேள்வி நால்வரின் வீட்டிலே மாத்திரம் எழுவது. பகிடியில் எல்லார்க்கும் சமபங்கு இருந்தது. பிரயாணம் தவறினால் இழப்பு நால்வருக்கே. இதனைப் பெரியோர்கள் முன்னிலையிற் சொல்லவேண்டும் என்று ஆண்பிள்ளைகள் அறுவரும் சேர்ந்தே தீர்மானித்தோம்.

தாய்மார் அஞ்சுவது யாதுபற்றி? ஆணும் பெண்ணும் கூடிப் போவதுபற்றி என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஊர்வாயும் ஒரு காரணந்தான். ஆயினும் எங்கள் அன்னையர் எந்தக் காலத்து இளம்பெண்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். 1990 ஆம் ஆண்டுக்குப் பிந்திய காலம் அவர்களுடைய பள்ளிப் பருவம். குடாநாட்டை விட்டு வெளியேற அனுமதிச்சீட்டு வேண்டியிருந்த காலம். போகிறவருக்காக ஊரில் ஒருவர் பிணை நிற்கவேண்டியிருந்த காலம். 1993 இல் தெற்கே போகவேண்டியவர்கள் கிளாலியில் இருந்து கடல்நீரேரியை இரவிலே, விளக்கின்றி, சிறு படகுகளிற் கடந்தனர். கடக்கும்போது இறந்தவர்களும் உண்டு. 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை மறுபடி மூடப்பட்டபோது காங்கேசன்துறையில் இருந்து திருகோணமலைக்குக் கப்பலேறிப் போனார்கள். எங்களுட் பலர் அப்போது நடை பழகிச் சில ஆண்டுகளே ஆன குழந்தைகள். பிரயாணம் என்ற சொல்லைக் கேட்டதும் எங்களுக்குப் பாட்டும் பைலாவும் நினைவுக்கு வரும். அவர்களுக்குப் பை சோதிக்கும் வரிசை நினைவுக்கு வரும். "துணைக்கு ஆர்?" என்று கேட்கும்போது அவர்கள் கேட்பது, கேட்டால் பதில் சொல்ல ஒரு வளர்ந்த ஆள் இருக்கிறதா என்பதே என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

மிஷன் பாடசாலைகளிற் படித்த எங்களுட் சிலருக்கு இது பழகிய சங்கதி. விடுதியிலிருந்து வெளியே போவதாயின் இருவர் இருவராக வரிசை. முன்னே ஓர் ஆசிரியை, பின்னே மேற்றன். பாலத்தில் ஒருதரம், சந்தியில் ஒருதரம், திரும்பி வந்ததும் ஒருதரம் தலை எண்ணுவார்கள். 1824 ஆம் ஆண்டில் உடுவிலில் அமெரிக்க மிஷனார் பெண்களுக்கென விடுதிப் பாடசாலை தொடங்கியபோது, பெண்பிள்ளை படிப்பதே புதுமையாக இருந்த ஒரு நாட்டில், பெற்றோர் தம் மகளை இன்னொருவர் கூரையின்கீழ் இரவில் விட்டுப்போக முதலில் நம்பவேண்டியிருந்தது எழுத்தையன்று. அந்தத் தலை எண்ணும் ஆளைத்தான்.

துணை போவார் எப்படி இருக்கக்கூடாது என்பதற்கு ஆங்கில நாவலிலே ஓர் உதாரணம் உண்டு. ஜேன் ஒஸ்ரின் 1813 இல் வெளியிட்ட "பிரைட் அன்ட் பிரெஜுடிஸ்" என்ற கதையில், பதினைந்து வயதான லிடியா என்ற பெண், படைத்தலைவர் ஒருவரின் இளம் மனைவியைத் துணையாகக் கொண்டு பிரைற்றன் நகருக்குப் போகிறாள். துணை போன அம்மையாருக்கும் அவளுக்கும் வயதும் விளையாட்டுப் புத்தியும் ஏறக்குறைய ஒன்றே. விளைவு, லிடியா ஒரு போக்கிரியுடன் ஓடிவிடுகிறாள். போகவிடவேண்டாமென்று தமக்கை ஒருத்தி தந்தைக்கு எடுத்துச் சொல்லியும், வீட்டிலே அமைதி வேண்டிய அந்த மனிதர் கேட்கவில்லை. குற்றம் துணை போனவரிடமா, அனுப்பியவரிடமா என்று எங்களுக்குள் இன்னும் வழக்கு நடக்கிறது.

எப்படி இருக்கவேண்டும் என்பதற்கோ நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. சிலப்பதிகாரத்திலே கவுந்தியடிகள் இருக்கிறார். புகாரை விட்டு மதுரைக்குப் புறப்பட்ட கோவலனையுங் கண்ணகியையும் வழியிற் கண்டு தாமும் உடன்வந்த சமணத் துறவி அவர். அவர் ஏன் வந்தார்? இளையவர்களைக் காக்க வேண்டுமென்று எவரும் அவரை ஏவவில்லை. மதுரைக்குச் சென்று அறவுரை கேட்கவேண்டுமென்ற விருப்பம் அவருக்கே நெடுநாளாக இருந்தது. ஆதலால் வருகிறேன் என்றார். வழியின் இடர்களை முன்கூட்டியே எடுத்துச் சொல்கிறார். பூவில் மொய்க்கும் வண்டுக்கும் வயலில் ஊரும் நத்தைக்கும் துன்பம் வந்துவிடுமே என்று கவலைப்படுகிறார். வம்பர் இருவர் அத்தம்பதியை இகழ்ந்தபோது அவர்களைப் பன்னிரண்டு மாதம் நரிகளாகும்படி சபித்துவிடுகிறார். (இந்த வல்லமையுள்ள துணை ஒருவர் எங்களுக்குக் கிடைத்திருந்தால் சில பேருந்து நிலையங்களில் இன்று நரிகளே மிகுந்திருக்கும்.) மதுரையில் கண்ணகியை மாதரி என்னும் இடைக்குல முதுமகளிடம் அடைக்கலமாகக் கையளிக்கிறார். பின்பு நிகழ்ந்ததை நீங்கள் அறிவீர்கள். அடைக்கலத்தைக் காக்கமுடியாது போன மாதரி தீயிற் புகுந்தாள். கவுந்தி உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டார். கண்ணகி எரித்த மதுரையைப் பாடுகிறோம். துணை நின்ற இரு பெண்களும் கொடுத்த விலையை அவ்வளவாகப் பேசுவதில்லை.

இனி எங்கள் கதைக்கு வருவோம். பேசாதிருந்த தோழியின் தாயார் ஒரு வழி சொன்னார். "அக்காவைக் கேளுங்கோவன். அவ சும்மாதானே இருக்கிறா."

அந்த அக்கா எங்கள் தோழிக்குப் பெரியம்மா; ஆதலால் எங்கள் எல்லாருக்கும் பெரியம்மா. ஐம்பதைக் கடந்தவர், மணஞ்செய்யாதவர், வீட்டிலே தையல் தைப்பவர். "சும்மா இருக்கிறா" என்பது எவ்வளவு உண்மை என்பதை நாங்கள் போன அன்றே கண்டோம். பாடசாலைச் சீருடைத் துணி மேசைமேல் ஒரு பக்கம் மலைபோற் கிடந்தது. சுற்றத்தில் எவருக்கேனும் பிரசவமா, ஆசுப்பத்திரியிலே நோயாளியுடன் நிற்க ஆள் வேண்டுமா, பரீட்சை மண்டபத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப்போக வேண்டுமா, கடவுச்சீட்டுக்குக் கொழும்புக்குப் போகும் பெண்ணுக்குத் துணை வேண்டுமா, அங்கெல்லாம் பெரியம்மாவே அனுப்பப்படுவார். கொழும்புக்கு எத்தனை தரம் போயிருக்கிறார் என்று அவருக்கே கணக்கில்லை. ஒருதரமும் காலிமுகத் திடலுக்குப் போனதில்லை. கந்தோர் வேலை முடிந்ததும் அடுத்த பேருந்து. மணமாகாத பெண்ணின் நேரம் ஊருக்குப் பொதுச்சொத்து என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறதோ தெரியவில்லை; ஊர் அந்தச் சட்டத்தை நன்றாகவே கைக்கொள்கிறது.

நாங்கள் மூவர் போய் விஷயத்தைச் சொன்னோம். அவர் மெஷினில் இருந்து தலை நிமிராமலே கேட்டார்:

"எங்கை போறியள்?"

"திருகோணமலைக்கு, பெரியம்மா. கன்னியா, கோணேசர் கோயில், நிலாவெளி."

"கடலுக்கை போவியளோ?"

"உங்களுக்கு விருப்பமில்லாட்டில் போகேல்லை."

"நான் அதைக் கேக்கேல்லைப் பிள்ளை. போவியளோ எண்டு கேட்டனான்."

புறாமலைக்குப் படகில் போவதாக எண்ணம் உண்டென்றோம். மெஷின் நின்றது. தலைக்கு எவ்வளவு என்று கேட்டார். எண்ணாயிரம் ரூபா, ஆனால் அவரிடம் வாங்கமாட்டோம் என்றோம்.

"அப்ப நான் வரேல்லை" என்றார். நாங்கள் திகைத்து நிற்க, நூலைப் பல்லால் அறுத்துக்கொண்டு சொன்னார்: "காசு குடுக்காமல் வந்தால் நான் உங்களுக்குக் காவல். குடுத்து வந்தால் நானும் ஒரு ஆள். எங்கை நிப்பாட்டுறது எண்டு எனக்கும் ஒரு வாக்கு இருக்க வேணும்."

சீருடை தைத்து முடிய வேண்டுமென்பதற்காகப் பிரயாணத்தை ஒரு வாரம் தள்ளிவைத்தோம். எண்ணாயிரமும் முதலிற் கொடுத்தவர் அவரே. எங்களுள் இருவரின் பங்கு இன்னும் நிலுவையில் உள்ளது. அவர்களும் இவ்வவையில் இருக்கிறார்கள்.

விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டோம். பெரியம்மா முன் ஆசனத்தில் ஏறிச் சாரதியுடன் பேச்சுத் தொடங்கினார். சாரதியின் ஊர், அவர் பிள்ளைகள், டீசல் விலை, பற்றறி, எல்லாம் வவுனியாவுக்குள் முடிந்துவிட்டன. பின்னால் நடந்த பாட்டுக் கச்சேரியை அவர் ஒருதரமும் திரும்பிப் பார்க்கவில்லை. சாரதி நித்திரை தூங்காமல் இருப்பதே பதினொருவரின் உயிருக்கும் துணை என்பதை எங்களுக்கு முன்னரே அவர் கண்டுகொண்டார் போலும். ஹொறவப்பொத்தானைப் பாதையில் ஒரு குளக்கரையிலே நிறுத்தச் சொன்னார். தம் வாக்கை முதன்முதலாகப் பிரயோகித்தது அங்கேதான். காரணம் ஒன்றுமில்லை, நீர் நிறையத் தாமரை பூத்திருந்தது. இடியப்பப் பொட்டலங்களை அங்கேயே பிரித்தோம்.

கன்னியாவில் ஏழு கிணறும் ஏழு சூடு. ஏழிலும் அள்ளி ஊற்றி, எது எதைவிடக் கூடச் சூடு என்று தீர்ப்பளித்தார். கோயிலுக்குப் போகும் வழியில் கோட்டைக்குள்ளே திரியும் மான்களுக்குக் கடலை வாங்கிக் கொடுத்தார். அவற்றை நீட்டி உரைக்க நேரமில்லை.

மறுநாட் காலை நிலாவெளி. புறாமலை கரையில் இருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர். பவளப் பாறைகள் உள்ள தீவு. 2003 இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. படகுகாரர் உயிர்காப்பு அங்கி கொடுத்தார். பெரியம்மா அதன் ஒவ்வொரு பட்டியையும் இழுத்துப் பார்த்து, தையல் சரியா என்று சோதித்தபின்னரே அணிந்தார். படகு நகர்ந்தது. எங்களுள் இருவர், பெயர் சொல்லமாட்டோம், வழக்கம்போல ஒரே பக்கத்தில் நெருங்கி இருந்தனர். பெரியம்மா அவர்களை உற்றுப் பார்த்தார். எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டோம். துணை வந்தவரின் கடமை இதோ தொடங்கப்போகிறது!

"தம்பி, நீர் மற்றப் பக்கம் போய் இரும்" என்றார். "படகு சரியுது."

சிரிப்பு அடங்கியபின் அவர் தாமாகவே சொன்னார். கடைசியாகப் படகேறியது 1993 இல், கிளாலியில். அவருக்கு அப்போது இருபது வயது. தங்கைக்கு, அதாவது எங்கள் தோழியின் தாயாருக்கு, பதினைந்து. வவுனியாவில் இருந்த மாமன் வீட்டில் தங்கையைக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும், துணைக்கு அக்கா. "அண்டைக்குத் தண்ணியின்ரை நிறமே தெரியாது. தங்கச்சியின்ரை கையைப் பிடிச்சபடி இருந்தனான். விடிஞ்சாப்போலை பாத்தால் அவளின்ரை கையிலை என்ரை நகம் பட்ட அடையாளம்" என்றார். பிறகு நீரிலே கையை விட்டார். நிலாவெளிக் கடல் பச்சையும் நீலமுமாக இருந்தது. ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. படகுகாரர், அவருக்கு என்ன விளங்கியதோ, இயந்திரத்தைச் சற்று மெதுவாக்கினார்.

தீவை அணுகும்போது கைத்தொலைபேசி ஒலித்தது. தோழியின் தாயார். எங்கள் புள்ளி கடலின் நடுவே நிற்பதைக் கண்டு கலங்கிவிட்டார்.

"அக்கா, பிள்ளையளைப் பாத்துக்கொள்ளுறியளோ?"

"நான் மீனைப் பாத்துக்கொண்டிருக்கிறன்" என்றார் பெரியம்மா. "பிள்ளையளை நீ போனிலை பார்."

அடுத்த பிரயாணம் மலைநாட்டுக்கு. நுவரெலியாவும் ஹோட்டன் சமவெளியும் பார்ப்பதாக உத்தேசம். இம்முறை சிற்றுண்டிச்சாலையில் மகாநாடு கூட்டும் வாய்ப்பு எங்களுக்குக் கிட்டவில்லை. திகதி குறித்தவர் பெரியம்மா; சீருடை வேலை இல்லாத மாதம் பார்த்துக் குறித்தார். செய்தி கேட்ட தோழியின் தாயார், "அக்காவைத் தனிய விடேலாது, குளிர் ஊர். துணைக்கு நானும் வாறன்" என்று எண்ணாயிரத்தை எண்ணிக் கொடுத்துவிட்டார். வான் பதினான்கு ஆசனம். சாரதியுடன் சேர்த்துப் பதின்மூன்று நிரம்பிவிட்டன. மீதி ஒன்றுக்கு, எண்பத்தொரு வயது அம்மம்மா சாதகக் குறிப்புகளைப் பையில் வைத்துக்கொண்டு ஆயத்தமாக இருக்கிறார்.